மணமாகாதவர் யோனா

ஓபதியா குடும்பச் சங்கம் வருஷத்துக்கு ஒருமுறை, கூடாரப் பண்டிகையின்போது, அடையாற்றங்கரையில் எசேக்கியேலின் பங்களாவில் கூடும். தோல் வாங்கப் பாக்தாதிலிருந்து வந்து சென்னையிலேயே தங்கிவிட்ட ஓபதியா இறந்த பிறகு அவருடைய பிள்ளைகள் தொடங்கிய சங்கம் அது. பேரன் பேத்திகள் ரங்கூன், கல்கத்தா, கொச்சி என்று சிதறியிருந்தாலும் அந்த வாரம் கப்பலிலும் ரயிலிலும் வந்து சேர்ந்துவிடுவார்கள். அவர்கள் யூதர்கள். யூதர் என்றால் யார் என்று ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. பார்சிக்காரர்கள் என்று நினைத்தவர்கள்தான் அதிகம்.

தோட்டத்தில் தென்னை ஓலையால் கூடாரம் எழும்பும். கூரை வழியே நட்சத்திரம் தெரிய வேண்டும் என்பது அவர்களுடைய விதி. புரட்டாசி மழைக்கு அந்த விதி தெரியாது. நனைந்த மேஜை விரிப்பில் உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே சாப்பிடுவார்கள். சாப்பாட்டுக்கு முன் சங்கத் தலைவர் எசேக்கியேல் எழுந்து குடும்பத்தார் எல்லோருடைய பெயரையும் சொல்லுவார். யாருக்குக் கல்யாணம் ஆயிற்று, யாருக்குக் குழந்தை பிறந்தது, யார் இறந்தார்கள் என்று வரிசையாக வரும். அதில் பெயர் வந்தால் குடும்பம். வராவிட்டால் குடும்பமில்லை.

எசேக்கியேலின் தம்பி யோனா, முதல் யுத்தம் முடிந்த வருஷம், சாந்தோம் கடற்கரைக் குப்பத்து லாசரின் மகள் ஜெசிந்தாவைக் கல்யாணம் செய்துகொண்டார். தோல் மண்டிக்குப் போகும் வழியில், மீன் கூடையோடு வரும் அவளைப் பார்த்துப் பேசிப் பழகிய பழக்கம் அது. அவரைக் கட்டிக்கொள்வதற்காக, யூத மதத்தில் சேர, அவள் கொச்சிக்குப் போனாள். அங்கே பெரியவர்கள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னாள். மாதக்கணக்கில் அவர்களுடைய முறைகளைப் படித்தாள். கடைசியில் குளத்தில் முழுகி எழுந்தாள். சாரா என்று பெயர் வைத்தார்கள்.

திரும்பி வந்தபோது லாசர் கதவைத் திறக்கவில்லை. "மாதாவை உட்டுட்டுப் போனவ எனக்குப் பொண்ணு இல்ல" என்று உள்ளேயிருந்தே சொன்னார். அடையாற்றங்கரைக் கதவும் திறக்கவில்லை. கொச்சியில் நடந்ததைத் தன் குடும்பம் ஏற்க முடியாது என்றார் எசேக்கியேல். தம்பியை மண்டி வேலையிலிருந்து விலக்கினார். ஆனால் சங்கத்திலிருந்து விலக்கவில்லை.

அந்த வருஷம் கூடாரத்துக்குத் தனியாகப் போய் வந்த யோனா சிரித்துக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைந்தார். மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் இரண்டு அறை வாடகை வீடு அது.

"இன்னா சொன்னாங்க?" என்றாள் ஜெசிந்தா.

"அண்ணன் என் பேரைச் சொன்னாரு. 'மணமாகாதவர் யோனா'ன்னு சொன்னாரு."

"நீ இன்னா சொன்ன?"

"எல்லார் முன்னாடியும் இன்னா சொல்றது? ரெண்டு வருஷம் போகட்டும், சாரா. அண்ணன் மனசு இளகிடும்."

அடுத்த வருஷம் லேயா பிறந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு பங்களா வாசல் வரைக்கும் போனார் யோனா. காவல்காரன் குழந்தையைப் பார்த்துவிட்டு, உள்ளே போய்க் கேட்டு வந்து, அவரை மட்டும் விட்டான். ஜெசிந்தா குழந்தையோடு ரோட்டில் நின்றாள். உள்ளே அந்த வருஷமும் அவர் மணமாகாதவர்தான். பிறகு அவர் அதைப் பற்றி வீட்டில் பேசுவதில்லை. ஒவ்வொரு வருஷமும் கோட்டைப் போட்டுக்கொண்டு போவார். பேரீச்சம்பழ அடையைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து லேயாவிடம் கொடுப்பார். போகாதே என்று ஜெசிந்தா ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "அவங்களை விட்டா எனக்கு யாரு?" என்று கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவருக்குப் புரிந்தது.

மவுண்ட் ரோட்டில் ஒரு கண்ணாடிக் கடையில் அவர் வேலை பார்த்தார். ஜெசிந்தா வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றினாள். சனிக்கிழமை அடுப்பு மூட்டவில்லை. யூதருக்கு ஆகாத, செதிலில்லாத மீனை, தான் பிறந்து வளர்ந்த கடற்கரை மீனை, வீட்டுக்குள் கொண்டுவரவில்லை. இதையெல்லாம் யாரும் வந்து பார்க்கவில்லை.

முப்பத்து நாலாம் வருஷம் விஷக் காய்ச்சலில் யோனா இறந்தார். சங்கத்துக்காரர்கள் வந்து உடலை எடுத்துப் போனார்கள். அடக்கத்துக்குத் தாயும் மகளும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த வருஷக் கூடாரத்தில் எசேக்கியேல், "மணமாகாதவர் யோனா, சந்ததியில்லாமல் மறைந்தார்" என்று சொன்னாராம். பங்களாவில் ஆயாவாக இருந்த ஜைதூன் பீ, யோனாவைச் சின்ன வயசில் இடுப்பில் தூக்கி வளர்த்தவள், மயிலாப்பூர் வந்து இதைச் சொல்லி அழுதாள். பதினைந்து வயது லேயா அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் யாரும்மா?" என்றாள்.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு காலை நேரம், எசேக்கியேலின் மோட்டார் அந்தச் சந்துக்குள் நுழைய முடியாமல் முனையிலேயே நின்றது. அவர் இறங்கி நடந்து வந்தார். ஜெசிந்தா போட்ட நாற்காலியில் உட்காரவில்லை. வேலைக்காரர்களிடம் பேசுகிற தமிழில்தான் பேசினார்.

"கொச்சியில் உனக்கு நடந்த சடங்கு செல்லும்னு சங்கம் முடிவு பண்ணியிருக்கு. நீ சாராதான். உன் பொண்ணு எங்க பொண்ணுதான்."

பதினெட்டு வருஷமாகக் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. ஜெசிந்தா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப இன்னாத்துக்கு ஐயா?"

அவர் மறைக்கவில்லை. ரங்கூன் கிளையில் ஆரோன் என்று ஒருவர், தேக்கு வியாபாரி, முப்பத்தெட்டு வயது, மனைவியை இழந்தவர், குழந்தை இல்லை. வெளியில் பெண் எடுப்பது சங்கத்து வழக்கமில்லை. குடும்பத்துக்குள்ளோ கல்யாண வயதில் வேறு பெண்ணில்லை.

"எம் புருசன் இருந்தப்ப செல்லாத சடங்கு, அவரு செத்தப்புறம் செல்லுதா?"

"பழசைப் பேச நான் வரலை. இந்த வருஷம் கூடாரத்துக்கு ரெண்டு பேரும் வாங்க. அங்கே எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன்."

அவர் போனதும் லேயா அம்மாவைக் கட்டிக்கொண்டாள். ஆரோனின் வயது அவளுக்கு உறைக்கவில்லை. ரங்கூன் எங்கே இருக்கிறது என்றுகூட அவள் கேட்கவில்லை. "என் பேரைச் சொல்லப் போறாங்கம்மா. அப்பா பேரையும் சரியா சொல்லப் போறாங்க" என்றாள். ஜெசிந்தாவும் அன்று சந்தோஷமாகத்தான் இருந்தாள். மகளுக்கு வெள்ளைப் பட்டுத் துணி எடுத்துக் கவுன் தைத்தாள்.

பண்டிகை நாள் மழையில்லாமல் விடிந்தது. பங்களா வாசலில் காவல்காரன் சலாம் வைத்தான். கூடாரத்துக்குள் பெண்கள் லேயாவைச் சூழ்ந்துகொண்டு, யோனாவின் கண், யோனாவின் நெற்றி என்று இங்கிலீஷில் சொல்லிக் கன்னத்தைத் தொட்டார்கள். ஆரோன் எழுந்து நின்று ஜெசிந்தாவுக்கு வணக்கம் சொன்னார். முன்வழுக்கை, மெதுவான குரல். கெட்டவர் மாதிரி தெரியவில்லை. ஜெசிந்தாவுக்கு மேஜையின் கடைசியில் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள்.

கை கழுவ அவள் வீட்டின் பின்பக்கம் போனாள். சமையலறை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் எசேக்கியேலின் மனைவி ரகேல், ஜைதூன் பீயிடம் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது.

"கல்யாணம் முடியற வரைக்கும் அவளை மரியாதையா நடத்து. அப்புறம் கேட்டுக்குள்ள விடவேணாம். பொண்ணு ரங்கூன் போயிட்டா மறந்துடுவா. மீன்காரி வாடை அவளோட போகட்டும்."

ஜைதூன் பீ ஏதோ முணுமுணுத்தாள். ஜெசிந்தா குழாயை மூடிவிட்டுக் கூடாரத்துக்குத் திரும்பி நடந்தாள்.

எசேக்கியேல் எழுந்து பெயர்களைச் சொல்ல ஆரம்பித்திருந்தார். கல்கத்தா முடிந்து, கொச்சி முடிந்து, சென்னைக்கு வந்தார். "மறைந்த யோனா. அவர் மனைவி சாரா. அவர்கள் மகள் லேயா. இந்த லேயாவை நம் ஆரோனுக்கு..."

"ஐயா, கொஞ்சம் நில்லுங்க" என்றாள் ஜெசிந்தா.

எல்லோரும் திரும்பினார்கள்.

"நான் சாரா இல்ல. லாசரு மக ஜெசிந்தா. கொச்சியில நான் குளத்துல முழுகினப்ப மனசுக்குள்ள மாதாவைத்தான் கும்புட்டுக்கினு இருந்தேன். வாயால சொன்னதெல்லாம் அவரைக் கட்டிக்கிறதுக்காகச் சொன்னது. என் சடங்கு செல்லாது."

தமிழ் தெரியாதவர்கள் தெரிந்தவர்களைப் பார்த்தார்கள். எசேக்கியேலின் முகம் சிவந்தது.

"என்ன பேசறேன்னு தெரிஞ்சுதான் பேசறியா? அது செல்லாதுன்னா உன் கல்யாணமும் செல்லாது. என் தம்பி மணமாகாமத்தான் செத்தான்."

அவள் லேயாவைப் பார்த்தாள். லேயா தலையை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தாள், வேண்டாம் வேண்டாம் என்று.

"ஆமா" என்றாள் ஜெசிந்தா. "மணமாகாமத்தான் செத்தாரு."

வெளியே வந்து ஆற்றுப் பாலம் வரைக்கும் இருவரும் நடந்தார்கள். பாலத்தின் மேல் லேயா நின்றாள்.

"பொய் சொன்னே. அப்பா பேரை அழிச்சிட்டே. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நீ அழுதுக்கிட்டே விளக்கேத்தினதை நான் பார்த்திருக்கேன்."

ஜெசிந்தா சமையலறையில் கேட்டதைச் சொன்னாள்.

"அதை என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றாள் லேயா. "வேணும்னோ வேணாம்னோ நான் சொல்லியிருப்பேன். அது நான் சொல்ல வேண்டியதும்மா. நான் போயிடுவேன்னு பயந்துட்டே. அவ்வளவுதான்."

மகளைக் காப்பாற்றினோமா, பிடித்து வைத்துக்கொண்டோமா, இல்லை அந்தக் கூடாரத்துக்காரர்களைப் பழி வாங்கினோமா என்று ஜெசிந்தாவுக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. மூன்றும் அந்த ஒரு நிமிஷத்தில் கலந்து இருந்தன.

லேயா சைதாப்பேட்டையில் உபாத்தியாயினிப் பயிற்சிக்குச் சேர்ந்து விடுதிக்குப் போய்விட்டாள். லாசர் அதற்குள் இறந்திருந்தார். ஜெசிந்தாவின் தம்பி மாசிலாமணி குப்பத்திலிருந்து வந்தான். "சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வாக்கா. மாதா கோயில்ல சேத்துக்குவாங்க" என்றான்.

"இன்னா பாவம்னு சொல்றது, தம்பி?" என்று கேட்டாள். அவன் தலையைச் சொறிந்தான். எழுந்து போனான். பிறகு வரவில்லை. கூடாரத்தில் அவள் சொன்னது பொய் என்பது அவளுக்குத் தெரியும். இனி அதை உண்மையாக்கிக்கொண்டு பிழைக்க அவளுக்கு இஷ்டமில்லை.

லேயா மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவாள். "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்பாள். எந்த நாளில் 'நீ' போய் 'நீங்க' வந்தது என்று ஜெசிந்தாவுக்கு நினைவில்லை. வேலைக்குப் போன பிறகு சம்பளத்தில் வாங்கிய புடவையைப் பெட்டி மேல் வைத்துவிட்டு, சாப்பிட்டு, கிளம்புவாள்.

முப்பத்தொன்பதாம் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுக் கொண்டிருக்கும்போதே லேயா சொன்னாள்.

"ஜைதூன் பீயை பஸ்ஸில் பார்த்தேன். ஆரோனுக்கு, சங்கத்துக்கு வெளியிலயே, கொச்சியில் பெண் கிடைச்சுதாம். ரெண்டு குழந்தையாம். தங்கமா வெச்சுக்கறாராம்."

ஜெசிந்தா சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொண்ணோட அம்மா தனியா இருந்தாங்களாம். ரகேல் பெரியம்மா வேணாம்னு எவ்வளவோ சொல்லியும் கேக்காம, அவங்களையும் ரங்கூனுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாராம்."

இதைச் சொல்லும்போது லேயாவின் குரலில் கோபம் இல்லை. ஜெசிந்தா கோபத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தாள். அது வந்திருந்தால் தாங்கியிருப்பாள்.

"இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுமா?" என்றாள்.

"போதும்" என்றாள் லேயா. இலையை மடித்துவிட்டு எழுந்தாள்.