சுவருக்கு அந்தப் பக்கத்துக் குஞ்சுகள்

ஞானேஸ்வரியின் அடுப்படிக்கும் பக்கத்து வீட்டு நிலூஷாவின் காம்பரா அறைக்கும் நடுவே இருந்தது ஒரே ஒரு கருங்கல் சுவர். ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயங்களில் சுவர் ஆளை மறைக்கும், சத்தத்தை மறைக்காது. அந்தச் சத்தம்தான் ஒன்பது நாளாக ஞானேஸ்வரியைத் தின்றுகொண்டிருந்தது.

மகளிர் சங்கத்தில் இருவருக்கும் ஒரே நாளில், ஒரே கூடையிலிருந்து, ஆளுக்கு இருபது கோழிக்குஞ்சு கொடுத்தார்கள். பயிற்சிக்கு வந்த மிஸ் சொன்னதை ஞானேஸ்வரி ஓர் எழுத்துத் தவறாமல் செய்தாள். முன்னறையில் மரத்தூள் பரப்பி, வட்டமாகத் தகடு வளைத்து, நடுவில் குண்டு பல்ப் தொங்கவிட்டாள். நான்காம் நாள் மழைக்கு எங்கோ மரம் விழுந்து கரண்ட் போனது. அவள் பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு ஓடி வருவதற்குள், குளிருக்கு ஒன்றின்மேல் ஒன்று ஏறி, அடியில் கிடந்த பதினொன்று நசுங்கிச் செத்திருந்தன.

நிலூஷாவுக்குப் பத்தொன்பது உயிரோடு இருந்தன. பல்ப் இல்லை, தகடு இல்லை. டீவி வந்த ஓர் அட்டைப்பெட்டி, மேலே ஒரு பழைய சுவெட்டர். அவ்வளவுதான். சூடு போதுமான குஞ்சு கத்தாது. பால் குடித்த பிள்ளை தூக்கத்தில் முனகுவதுபோல முனகும். அந்த முனகல் சுவரைத் தாண்டி வரும்போதெல்லாம் ஞானேஸ்வரிக்கு வயிறு எரிந்தது.

சனிக்கிழமை மிஸ் பார்க்க வந்தார். லயமே நிலூஷாவின் வாசலில் நின்றது. ஞானேஸ்வரியும் போனாள். போகாமலிருக்க முடியவில்லை.

"செலவே இல்லாம எப்படி வளக்குறீங்க?" என்று கேட்டபடி மிஸ் அட்டைப்பெட்டிக்குப் பின்னால் கையை விட்டார். "அட, சுவரு இவ்வளவு சூடா இருக்கே!"

"இந்தச் சுவரு எப்பவும் அப்படித்தாங்க மிஸ்" என்றாள் நிலூஷா.

மிஸ் நிலூஷாவைப் பெட்டியோடு நிற்கவைத்துப் படம் எடுத்தார். எல்லாரும் கை தட்டினார்கள். ஞானேஸ்வரியின் கை மட்டும் எழும்பவில்லை. அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் எரிவது யார் அடுப்பு? மலையேறி விறகு பொறுக்கி, தலையில் சுமந்து வந்தது யார்? என் நெருப்பில் தன் குஞ்சை வளர்த்துவிட்டு, சுவருக்குப் பேர் சொல்கிறாள்!

வீட்டுக்கு வந்தவள் ஒரு செம்புத் தண்ணீரை எடுத்து அடுப்பில் ஊற்றினாள். பெருநாளுக்கும் விருந்தாளிக்கும் என்று வைத்திருந்த கேஸ் அடுப்பை இழுத்து மறு மூலையில் வைத்தாள்.

"கேஸ் விக்கிற வெலையில சோத்துக்கும் கேஸா?" என்றான் புருஷன் யோகராஜ்.

"பொகை கண்ணுல அடிக்குது."

"பதினஞ்சு வருசமா அடிக்காத பொகை?"

"இன்னைக்கு அடிக்குது. சாப்பிடுங்க."

ஞாயிறு காலையில் மூடுபனி ஜன்னலைத் தொட்டுக்கொண்டு நின்றது. எட்டு மணிக்கெல்லாம் அந்தப் பக்கம் கத்தல் தொடங்கியது. ஊசியாய்க் குத்தும் கத்தல். ஞானேஸ்வரி தன் ஒன்பதுக்கும் தீனி வைத்துக்கொண்டே அதைக் கேட்டாள். பாயாசம் குடித்த மாதிரி இருந்தது. நிலூஷா போத்தலில் சுடுதண்ணீர் நிரப்புவதும், சுவெட்டரை மாற்றுவதும், புருஷனை ஏசுவதும் ஒவ்வொன்றாகக் கேட்டன.

மத்தியானம் நிலூஷா வாசலில் வந்து நின்றாள். உள்ளங்கையில் ஒரு குஞ்சு, கழுத்து தொங்கியபடி.

"அக்கா, ஒங்க அடுப்பு எரியலையா?"

"என் அடுப்பு எரிஞ்சா என்ன, அணைஞ்சா என்ன? ஒன் சுவருதான் எப்பவும் சூடாச்சே."

நிலூஷா தலை குனிந்தாள். "ஒங்க அடுப்புன்னு சொல்லத்தான் நெனச்சேன். மிஸ் செலவே இல்லன்னு சொன்னாங்களா... ஒங்க வெறகுன்னா அது செலவாயிருமேன்னு வாய அடக்கிட்டேன்."

"நல்லா அடக்குன. என் பேரச் சொன்னா வாய் வெந்துருமா? படம் புடிக்கையில பல்லக் காட்டத் தெரிஞ்சுச்சு."

"ரெண்டு செத்துருச்சு அக்கா. இது மூணாவது."

"எனக்குப் பதினொன்னு செத்தப்ப நீ எட்டிப் பாத்தியா?"

நிலூஷா அந்தக் குஞ்சை முந்தானையில் பொதிந்துகொண்டு போய்விட்டாள்.

ஞானேஸ்வரி சுவர்ப்பக்கம் காதை வைத்தாள். கத்தல் குறைந்துகொண்டிருந்தது. சூடு கிடைத்துக் குறையும் சத்தம் ஒன்று. பலம் போய்க் குறையும் சத்தம் வேறொன்று. நசுங்கிய அந்தப் பதினொன்றைத் தோண்டி எடுத்தவளுக்கு அந்த வித்தியாசம் தெரியும். அவள் சும்மா இருந்தாலே போதும்; மாலைக்குள் இரண்டு வீடும் சமமாகிவிடும். ஏழெட்டு அங்கே, ஒன்பது இங்கே. இன்னும் கொஞ்ச நேரம். அவ்வளவுதான்.

உட்கார்ந்து பார்த்தாள். முடியவில்லை. "சனியன்கள்" என்று முனகிக்கொண்டே ஈரச் சாம்பலை வாரிக் கொட்டி, காய்ந்த சுள்ளியை உடைத்து வைத்துத் தீ மூட்டினாள். ஆனால் கருங்கல் சூடேற நேரம் பிடிக்கும். அதுவரை தாங்காது.

"அடியே! பொட்டியத் தூக்கிக்கிட்டு இங்க வா!" என்று சுவரைப் பார்த்துக் கத்தினாள்.

நிலூஷா ஓடிவந்தாள். ஞானேஸ்வரி பெட்டியைப் பிடுங்கி, அடுப்புக்கு ஒரு முழம் தள்ளிச் சாக்கை விரித்து, குஞ்சுகளை அதில் கவிழ்த்தாள். தன் ஒன்பதையும் கொண்டுவந்து நடுவில் விட்டாள். பலமுள்ளவை பலமில்லாதவற்றோடு ஒட்டிக்கொண்டன. கொஞ்ச நேரத்தில் அந்த முனகல் முதன்முறையாக ஞானேஸ்வரியின் அடுப்படியிலிருந்தே கேட்டது.

நிலூஷா குனிந்து எண்ணப் பார்த்தாள். எல்லாம் ஒரே மஞ்சள்.

"எங்களுது எதுன்னு தெரியலையே அக்கா?"

"பொழைக்கட்டும் மொதல்ல."

"எப்ப தூக்கிட்டுப் போறது?"

"றெக்க மொளைக்கணும். அதுவரைக்கும் இங்கதான்."

நிலூஷா எழுந்தாள், ஆனால் போகவில்லை. சாக்கைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள், கடைசியில் ஞானேஸ்வரியின் மடியில் ஏறத் தொடங்கிய ஒரு குஞ்சைப் பார்த்தாள். அது எந்த வீட்டுக் குஞ்சு என்று கேட்க வாயெடுத்து, உதட்டைச் சுருக்கிக்கொண்டாள்.

ஞானேஸ்வரி அந்தக் குஞ்சின் முதுகை ஒற்றை விரலால் தடவிக்கொடுத்தாள்.

"கதவச் சாத்திட்டுப் போ" என்றாள். "காத்து வருது."