மாஸ்டர் செய்த சோதனை

என் வீட்டுக்காரரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய அலுவலகம் ஒன்றின் கேன்டீனில் தலைமைச் சமையல்காரர். வீட்டில் நானும் மாஸ்டர் என்றே கூப்பிடுகிறேன். கோபம் வந்தால் மட்டும் ‘என்னங்க’ வரும்.

போன வருஷம் அவருக்கு இளைப்பு வந்தது. மாடி ஏறினால் நெஞ்சுக்குள் விசில் அடித்தது. ஆஸ்துமா என்று சொல்லி டாக்டர் இரண்டு இன்ஹேலர் கொடுத்தார். ஒன்று காலையிலும் மாலையிலும் தவறாமல் இழுக்க வேண்டியது. மூச்சுக்குழாயின் உள்வீக்கத்தைக் குறைப்பது. மற்றது திடீரென்று மூச்சு முட்டினால் மட்டும். கூடவே எடையைக் குறைக்க வேண்டும், சாப்பாட்டையும் கொஞ்சம் மாற்றினால் நல்லது என்றார். சாப்பாடு என்ற பேச்சு காதில் விழுந்ததும் மனுஷர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதற்கு முன்னால் சொன்னதெல்லாம் எவ்வளவு தூரம் மண்டையில் ஏறியதோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

அன்றைக்கே வீட்டிலிருந்த எண்ணெய்ப் பலகாரமெல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போயிற்று. சர்க்கரை டப்பா பரண் ஏறியது. வாரத்தில் பாதி நாள் மீன், தினமும் கீரை, எதை எடுத்தாலும் இஞ்சியும் மஞ்சளும், சாயங்காலம் ஒரு கைப்பிடி அக்ரூட் பருப்பு, பழங்கள். சும்மா சொல்லக் கூடாது, எல்லாம் ருசியாகவே இருந்தது. தையல் கடையில் உட்கார்ந்தே வேலை பார்க்கும் எனக்குக்கூட இடுப்பு இளைத்தது. என் ரவிக்கைகளை நானே பிடித்துத் தைக்க வேண்டியதாயிற்று.

இரண்டு மாதத்தில் அவருக்கு விசில் நின்றது. மாடிப்படியைத் தாவி ஏறினார். “பார்த்தியா, எல்லாம் கைப்பக்குவம்!” என்று ஒரே பெருமை. இன்ஹேலரும்தானே இழுக்கிறீர்கள் என்று நான் சொன்னால், அது காதில் விழாத மாதிரி கீரை ஆய்வார்.

கேன்டீனில் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. புதிதாக ஒன்று சமைத்து அது நன்றாக வந்துவிட்டால், அடுத்த தடவை அதில் ஒரு பொருளை மட்டும் விட்டுவிட்டுச் சமைப்பார். அதற்கடுத்த தடவை வேறொன்றை. எது இல்லாதது நாக்குக்குத் தெரியவில்லையோ, அந்தப் பொருளுக்கு அங்கே வேலை இல்லை என்று கழித்துவிடுவார். இப்போது அதே வித்தையைத் தன் உடம்பின் மேலேயே காட்ட ஆரம்பித்தார். ஒரு வாரம் இஞ்சி கிடையாது. அடுத்த வாரம் இஞ்சி உண்டு, அக்ரூட் கிடையாது. “எதுனால சரியாச்சுன்னு தெரிஞ்சிக்க வேணாமா?” என்பார். வேலை மெனக்கெட்டவர் என்று சிரித்துவிட்டு நான் தையல் மெஷினில் உட்கார்ந்துவிடுவேன்.

ஒரு நாள் மதியம் கேன்டீனில் அவருக்கு உதவியாக இருக்கும் பெண் போன் செய்தாள். “அக்கா, மாஸ்டருக்கு மூச்சு வரல. மிளகாய் வறுத்துட்டு இருந்தாரு. உதடெல்லாம் நீலமா இருக்கு. ஆம்புலன்ஸ் வந்துருச்சு, நீங்க நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க.”

கையிலிருந்த துணியை எங்கே போட்டேன் என்று தெரியாது. ஆட்டோவில் போகும்போது, அவர் இல்லாத வீடு ஒரு தடவை கண் முன்னால் வந்து போயிற்று. நான் பயந்த சுபாவம் உள்ளவள் இல்லை. அன்றைக்குப் பயந்தேன்.

போய்ச் சேர்ந்தபோது முகத்தில் மாஸ்க் மாட்டி, முதுகை நிமிர்த்தி உட்கார வைத்திருந்தார்கள். தோள் இரண்டும் மூச்சோடு மூச்சாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. பக்கத்தில் உதவிப் பெண் அழுதபடி நின்றாள். அவசரத்துக்கு இழுக்கும் இன்ஹேலரை எங்கே வைத்திருந்தார் என்று கேட்டேன். அதைக் கேன்டீனுக்குக் கொண்டுவந்தே பல நாளாயிற்று என்றாள்.

சாயங்காலம் அவருக்குப் பேச்சு வந்ததும் டாக்டர் கேட்டார். “சமீபத்துல எதையாவது நிறுத்தினீங்களா?”

மாஸ்டர் சோதனைக் கதையை வரிசையாகச் சொன்னார். இஞ்சி, அக்ரூட், மீன். கடைசியில் சத்தம் குறைந்தது. “அப்புறம் அந்தக் காலையும் மாலையும் இழுக்குற இன்ஹேலர். நிறுத்தி ஒரு மாசத்துக்கு மேல ஆகுது. முதல் ரெண்டு வாரம் ஒரு வித்தியாசமும் தெரியல, டாக்டர். அதான் தேவையில்லன்னு விட்டுட்டேன்.”

டாக்டர் கோபப்படவில்லை. “உப்பு போடலைன்னா உடனே தெரியும். இது அப்படி இல்ல. நிறுத்துனாலும் கொஞ்ச நாளைக்குத் தாங்கும். அதுக்குள்ள வீக்கம் மெல்ல மெல்லத் திரும்பிடும். நீங்க சாப்பிட்டது எல்லாமே நல்ல சாப்பாடுதான். எடை குறைஞ்சது ரொம்ப நல்லது. அதை விடாதீங்க. ஆனா சாப்பாடு மருந்துக்குத் துணைதான், பதில் இல்ல.”

டாக்டர் நகர்ந்ததும் நான் ஆரம்பித்தேன். “என்னங்க, உங்களுக்கு அறிவிருக்கா? உங்க உடம்பு என்ன கேன்டீன் அண்டாவா? எடுத்துப் பார்க்குறதுக்கும் போட்டுப் பார்க்குறதுக்கும்? எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?” வார்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னும் நாலு வார்த்தை சேர்த்துப் போட்டேன்.

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். கண் கலங்கியிருந்தது. பிறகு மெதுவாகச் சொன்னார். “நாக்கு போயிடுச்சு.”

“என்னது?”

“அதை இழுக்க ஆரம்பிச்சதுல இருந்து நாக்குல மாவு பூசுன மாதிரியே இருந்துச்சு. வீட்டுல கையளவுல ஒப்பேத்திட்டேன், கேன்டீன்ல உப்பு பிடிபடல. ஒரு நாள் அண்டா பூரா உப்புக் கரிச்சு, ஜனங்க தட்டோட வச்சுட்டுப் போயிட்டாங்க. இந்தப் பொண்ணுதான் தான் கை தவறிப் போட்டதா சொல்லிக் காப்பாத்துச்சு. நாக்கு இல்லாத சமையல்காரனை எவன் வச்சுக்குவான்? சாப்பாட்டுலயே சரியாயிட்டா அந்தச் சனியனை விட்டுடலாம்னுதான் அவ்வளவு பாடுபட்டேன். நிறுத்துனதும் ருசியும் திரும்பி வந்துச்சு.”

எனக்குக் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இத்தனை மாதம் இதை மனதில் போட்டுக்கொண்டு, என் எதிரில் பெருமையடித்துத் திரிந்திருக்கிறார். ஓடிப்போய் டாக்டரைத் திரும்ப அழைத்து வந்தேன்.

“இழுத்ததும் வாய் கொப்பளிச்சுத் துப்புறீங்களா?” என்றார் டாக்டர்.

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். முதல் நாளே சொன்னதுதான். சாப்பாட்டுப் பேச்சுக்கு முன்னால் சொன்னது.

“மருந்து வாயில தங்குனா நாக்குல பூஞ்சை வெள்ளையா படியும், இப்படித்தான் ஆகும். ஒவ்வொரு தடவையும் கொப்பளிங்க. ஒரு குழாய் தரேன், அதை மாட்டி இழுத்தா வாயில படியுறது குறையும். அதுக்கு மேலயும் ருசி தெரியலைன்னா எங்கிட்ட வாங்க, மருந்தை மாத்திப் பார்க்கலாம். நீங்களா நிறுத்தாதீங்க.”

வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் குழாயை மாட்டி இழுத்தார். கடகடவென்று கொப்பளித்துத் துப்பினார். நான் கதவோரம் நின்று போலீஸ்காரர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அடுப்பைப் பற்ற வைத்து மீன் சூப் வைத்தார். கொதி வந்ததும் கரண்டியில் எடுத்து வாயில் விட்டார். இன்னொரு தடவை விட்டார். ஆஸ்பத்திரி மருந்தின் கசப்பு இன்னும் போகவில்லை போலிருக்கிறது. உப்பு ஜாடியின் மேல் வைத்த கை அப்படியே நின்றது.

கல்யாணம் ஆன நாளிலிருந்து, அவர் சமைக்கும்போது ருசி பார்க்க யாரையும் கிட்டே விட்டதில்லை. அன்றைக்குக் கரண்டியை என் பக்கம் நீட்டினார்.

“உப்பு சரியா இருக்கா பாரு.”

ஊதிக் குடித்தேன். “கொஞ்சம் குறைச்சல்.”

“எவ்வளவு?”

“ஒரு சிட்டிகை.”

ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கிவிட்டு, மறுபடியும் கரண்டியை நீட்டினார். சரியாக இருந்தது. தலையை ஆட்டினேன்.