சோடி சேராத ரயர்

சுன்னாகம் சந்தையில் காலை வெங்காய ஏலம் முடிவதற்குள் பரமலிங்கம் தன் மோட்டார் சைக்கிளைத் துடைத்து முடித்துவிடுவான். உடுப்பிட்டியிலிருந்து சீதனமாக வந்த இருநூறு சீசீ வண்டி அது. பெற்றோல் தாங்கியில் தன் முகம் தெரியும் வரைக்கும் துணியை வைத்துத் தேய்ப்பான். பிறகு சந்தை வாசலில் நிறுத்திவிட்டு, அதன்மேல் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு, கிளாலிக்குப் போகிற ஆட்களுக்காகக் காத்திருப்பான்.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. கொழும்புக்கு வெங்காய லொறி அனுப்புகிற பரமலிங்கத்தின் தொழில், சண்டையால் பாதை மூடியதோடு படுத்துவிட்டது. யாழ்ப்பாணக் குடாநாட்டை விட்டு வெளியே போக வேண்டியவர்களுக்குக் கிளாலிக் கடல்நீரேரி ஒன்றுதான் வழி. அந்தக் கரை வரைக்கும் ஆட்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டுபோய் விடுவதே இப்போது அவனுக்குச் சீவியம். பெற்றோல் என்ற சாமானே வருவதில்லை. இரண்டு சொட்டுப் பெற்றோலில் உதைத்துக் கிளப்பி, மிச்சத் தூரம் முழுக்க மண்ணெண்ணெயில் ஓடவேண்டும். புகை கண்ணைக் கரிக்கும். ஆனாலும் சனம் காத்து நின்று ஏறியது. வேறு வழி இருக்கவில்லை.

வண்டி வந்தபோது முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே கொம்பனி ரயர்தான். பின் ரயர் தேய்ந்து நூல் தெரியத் தொடங்கியதும், வவுனியாவுக்குப் போய் வந்த ஒருவனைப் பிடித்து அதே கொம்பனியில் புதிதாக ஒன்று எடுப்பித்தான். ரயர் வீட்டுக்கு வந்த அன்று அதைத் தடவிப் பார்த்தவனுக்கு மனம் வரவில்லை. கிளாலி மண்ணில் போட்டு இதை அரைப்பதா? சாக்கில் சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டான். அதற்குப் பதிலாக, யாரோ கைவிட்டுப் போன வேறொரு வண்டியில் கழற்றிய ரயரைத் தேடிப் பூட்டினான். அது வேறு கொம்பனி, வேறு வார்ப்பு. வெயிலில் கிடந்து காய்ந்து இறுகிப்போயிருந்தது.

முதல்நாளே அவனுக்கு விசயம் விளங்கிவிட்டது. முன் ரயர் உருண்டையானது. வளைவில் சாய்த்தால் சொன்னபடி சாயும். பின்னுக்குப் பூட்டியதோ தட்டையான முகமும் அகன்ற ஓரமும் கொண்டது. சாய்க்கச் சாய்க்க நிமிரப் பார்த்தது. அதற்கு மேலும் சாய்த்தால் பிடியை விட்டுவிட்டு வழுக்கியது. நேர்ரோட்டிலும் பின்னால் ஆள் இருந்து வேகம் கூடினால் வண்டியின் வால் தனியாக ஆடியது. வண்ணாத்திப் பாலத்தில் ஒருமுறை காலை நிலத்தில் ஊன்றித்தான் வண்டியை நிறுத்தினான்.

அன்றிலிருந்து தன் மனைவியையும் மகளையும் அந்த வண்டியில் ஏற்றுவதை அவன் நிறுத்திவிட்டான். கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் சைக்கிளில் போனார்கள். பரமலிங்கத்துக்குப் பெருமை இல்லை என்று அயலவர்கள் மெச்சினார்கள். எட்டு வயது மகள்தான் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றாள்.

"ஒருக்காச் சந்தி மட்டும் ஏத்திக்கொண்டு போங்கோவன். பிள்ளை அழுறாள்" என்றாள் மனைவி குணலட்சுமி.

"ஏத்தேலாது. பின் ரயர் சோடியில்லை. ஆட்டுது."

"அப்ப பரணிலை கிடக்கிறதைப் பூட்டுங்கோ."

"பாதை திறக்கட்டும். அது நல்ல ரோட்டுக்கு."

"அப்ப உதிலை ஏறிப் போற சனம்?"

பரமலிங்கம் துணியை உதறினான். "அதுகள் ஒருக்காத்தானே ஏறுதுகள்."

குணலட்சுமி அவனை ஒரு முறை பார்த்தாள். பிறகு உலையில் அரிசி போடப் போய்விட்டாள். அடுப்பு எரியக் காசு வேண்டும் என்பது அவளுக்கும் தெரியும்.

புரட்டாதி மாதத்தில் ஒருநாள் யசிந்தா வந்தாள். குருநகர்க்காரி. கடற்கரையில் செல்குண்டு விழத் தொடங்கியதும் அந்தத் தெருச் சனத்தோடு இடம்பெயர்ந்து, சுன்னாகத்துக்கு வெளியே ஒரு தோட்டக் காணியில் போட்ட கொட்டிலொன்றில் இருந்தாள். கடலில் வலை இழுத்த அவளுடைய புருசன் சிமியோன் இப்போது சந்தையில் வெங்காய மூட்டை சுமந்தான். அவளுடைய தாய் கிளாலிக்கு அப்பால், மடு மாதா கோயிலில் அகதியாகக் கிடந்தாள். கடைசி நேரம் என்று ஆள் மூலம் செய்தி வந்திருந்தது.

"கவனமாக் கொண்டுபோய் விடுங்கோ அண்ணை" என்று சிமியோன் அவளுடைய பையைத் தூக்கிக் கொடுத்தான்.

"நீ பயப்பிடாதை தம்பி. நான் எத்தினை பேரைக் கொண்டுபோய் விட்டிருக்கிறன்."

அது பொய்யில்லை. நிறையப் பேரைக் கொண்டுபோய் விட்டிருந்தான்.

யசிந்தா பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பக்கமாக இருந்தாள். புத்தூர் தாண்டும்வரை ஒன்றும் பேசவில்லை. பாலத்துக்குக் கிட்ட வந்தபோது, "அண்ணை, பின்னுக்கு ஏதோ தனியா ஆடுதே?" என்றாள்.

"ரோட்டு அப்பிடி. இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு அசையாமல் இருங்கோ தங்கச்சி."

அவள் அசையாமல் இருந்தாள். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு இருந்தாள். பொழுது சாய்வதற்குள் கிளாலியை எட்டவேண்டும் என்று பரமலிங்கம் வேகத்தைக் கூட்டினான். சரசாலை வளைவில் தார் ரோட்டுக்கு மேலே மணல் படர்ந்திருந்தது. வண்டியைச் சாய்த்தான். முன்சில்லு திரும்பியது. பின்சில்லு திரும்பவில்லை. அது தன் பாட்டுக்கு வெளியே இழுத்துக்கொண்டு போனது. அடுத்த கணம் வானமும் பனையும் தலைகீழாகப் போயின.

பரமலிங்கம் பற்றைக்குள் விழுந்தான். முழங்கை மட்டும் உரசியிருந்தது. எழுந்து பார்த்தபோது வண்டி யசிந்தாவின் வலது காலுக்கு மேலே கிடந்தது. புகைக்குழாய் தசையில் பொசுங்கிக்கொண்டிருந்தது. அவள் அலறினாள். தோட்டத்தில் நின்ற இரண்டு மூன்று பேர் ஓடி வந்தார்கள். அவர்களைக் கண்டதும், வண்டியைத் தூக்குவதற்கு முன்னரே, பரமலிங்கத்தின் வாயில் அந்தச் சொல் வந்துவிட்டது.

"ஏன் பிள்ளை அசைஞ்சனீ? அசையாதை எண்டு சொன்னனானெல்லே!"

"நான் அசையேல்லை அண்ணை... அசையேல்லை..."

"வளைவிலை மற்றப் பக்கம் சரிஞ்சிட்டுது" என்று அவன் வந்தவர்களிடம் சொன்னான். "பொம்பிளையளை ஏத்தினால் இதுதான் கரைச்சல்."

வந்தவர்கள் தலையாட்டிக்கொண்டு வண்டியைத் தூக்கினார்கள். ரயரை ஒருவரும் பார்க்கவில்லை.

எலும்பு நொறுங்கிய இடத்தில் சதை அழுகி, கடைசியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுக்கவேண்டி வந்தது. அவள் ஆசுபத்திரியில் கிடந்தபோதே தாய் மடுவில் செத்துப்போனாள். பரமலிங்கம் ஒருநாள் தோடம்பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தான். பக்கத்துக் கட்டில்காரர் கேட்டபோதும் அதே கதையைத்தான் சொன்னான். சொல்லச் சொல்ல அது அவனுக்கே நம்பும்படியாக இருந்தது. யசிந்தா சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

"நான் அசைஞ்சனானோ தெரியேல்லை அண்ணை" என்றாள். "அம்மாவை நினைச்சுக்கொண்டு இருந்தனான். ஒருவேளை அசைஞ்சிருப்பன்."

பரமலிங்கம் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. வெளியே வந்து, வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான். மறுநாள் கிளாலிக்கு அடுத்த ஆளை ஏற்றினான்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிமியோன் அவனுடைய வீட்டுப் படலையைத் தட்டினான். பரமலிங்கம் முற்றத்தில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஆளைக் கண்டதும் துணியோடு எழுந்து நின்றான். சண்டைக்கு வந்திருக்கிறான் என்று நினைத்தான். சிமியோனோ படலைக்குள் தயங்கித் தயங்கி வந்து, பழைய சேலைத் துணியில் சுற்றிய ஒரு பொருளை இரண்டு கையாலும் நீட்டினான். அவிழ்த்தால் முன்விளக்குக் கண்ணாடி.

"அண்டைக்கு உங்கடை லைற்று உடைஞ்சதாம். மூட்டை தூக்கிற இடத்திலை ஒராளிட்டைச் சொல்லித் தேடி எடுத்தனான். அவள் செய்த பிழைக்கு உங்களுக்கு ஏன் நட்டம்? மனசிலை ஒண்டும் வச்சிருக்காதேங்கோ அண்ணை."

பரமலிங்கம் கண்ணாடியை வாங்கினான். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் கீறல் இருக்கிறதா என்று பார்த்தான்.

"பரவாயில்லை" என்றான். "அவவுக்கு இனியாவது சொல்லி வை."

தேத்தண்ணியோடு வெளியே வந்த குணலட்சுமி படியிலேயே நின்றுவிட்டாள். சிமியோன் தலையைக் குனிந்து நின்றான். அவனுடைய கழுத்தடியில் மூட்டை அழுத்திய இடம் தோல் உரிந்து சிவந்திருந்தது. தன் புருசன் அந்தக் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதை அவள் கண்டாள். கோப்பையை நிலத்தில் வைத்தாள். மகளைக் கூப்பிட்டாள்.

"இஞ்சை வா பிள்ளை. மோட்டச்சைக்கிளிலை போக ஆசைதானே? ஏறு."

மகள் நம்பமுடியாமல் ஓடி வந்தாள். குணலட்சுமி அவளைத் தூக்கிப் பின் இருக்கையில் இருத்தினாள்.

"அசைஞ்சதுதானே பிழை? இனி என்ன, பிள்ளையை ஏத்திக்கொண்டு சரசாலை வளைவிலை ஒருக்காத் திருப்பிக்கொண்டு வாங்கோ. அவள் அசையமாட்டாள்."

"உனக்கென்ன விசரே? இறக்கு."

"ஏன்? வண்டியிலை பிழையில்லையெண்டு ஊருக்குச் சொன்னனீங்கள்தானே? கிளப்புங்கோ."

மகள் சிரித்துக்கொண்டு தகப்பனுடைய தோளைப் பிடித்தாள். பரமலிங்கத்துக்குச் சரசாலை வளைவும் மணலும் அந்த அலறலும் ஒன்றாகக் கண்ணுக்கு முன்னால் வந்தன.

"இறக்கடி பிள்ளையை!" என்று கத்தினான். "அந்த ரயரோடை பிள்ளையை ஏத்தேலாது எண்டு உனக்குத் தெரியாதே?"

கத்தி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னான் என்பது அவனுக்கு விளங்கியது.

சிமியோன் மெல்ல நிமிர்ந்தான். "எந்த ரயர் அண்ணை?"

அவன் குனிந்து முன் ரயரைப் பார்த்தான். பின்னுக்கு நடந்துபோய் மற்றதைப் பார்த்தான். கொம்பனிப் பெயரை வாசிக்கத் தேவையிருக்கவில்லை. குழந்தைக்கும் தெரியும், இரண்டும் ஒன்றில்லை என்று.

"ரெண்டும் சோடியில்லை தம்பி" என்றாள் குணலட்சுமி. "சோடி பரணிலை கிடக்குது. பாதை திறந்த பிறகு எங்களுக்கெண்டு வச்சிருக்கிறார். எனக்கு முதலே தெரியும். தெரிஞ்சும் வாயை மூடிக்கொண்டு சோறு காய்ச்சினனான்."

அடி விழும் என்று பரமலிங்கம் கண்ணை மூடினான். அடி விழவில்லை. சிமியோன் அவனுடைய கையிலிருந்த கண்ணாடியை வாங்கினான். வாங்கித் துணியில் சுற்றினான். முடிச்சுப் போடாமலே கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

"அவளை நான் எவ்வளவு ஏசினனான் தெரியுமே?" என்றான். "கால் இல்லாமல் கிடக்கிறவளை. ஏன் அசைஞ்சனீ, ஏன் அசைஞ்சனீ எண்டு. வாங்கோ. எனக்குச் சொல்லவேண்டாம். அவளுக்கு வந்து சொல்லுங்கோ."

இருவரும் சைக்கிளில் போனார்கள். கொட்டிலுக்கு வெளியே யசிந்தா ஒரு பலகையில் இருந்து வெங்காயத் தாள் நுள்ளிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய மாமி, சிமியோனின் தாய் றோஸ், அடுப்பை ஊதியபடி, அன்றாடப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள்: "ஒரு இடத்திலை அடக்கமா இருக்கத் தெரிஞ்சிருந்தால் இந்தக் கெதி வருமே? என்ரை பிள்ளையெல்லோ இப்ப மாடாச் சாகுது."

யசிந்தா தலை நிமிரவில்லை. பழகிப்போயிருந்தது.

பரமலிங்கம் சொன்னான். ரயரைச் சொன்னான், பரணைச் சொன்னான், தன் பிள்ளையை ஏற்றாததையும் சொன்னான். நிலத்தைப் பார்த்துக்கொண்டு தணிந்த குரலில்தான் சொன்னான். யசிந்தா வெங்காயத் தாளைக் கீழே வைத்தாள்.

"அப்ப நான் அசையேல்லை?"

"இல்லைத் தங்கச்சி."

"கேக்கேல்லை. அங்காலை கொட்டில்காரருக்கும் கேக்கச் சொல்லுங்கோ."

"நீங்கள் அசையேல்லை! பிழை என்னிலைதான்!"

அக்கம்பக்கத்துக் கொட்டில்களிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. றோஸ் ஊதுகுழலைக் கையில் பிடித்தபடி மருமகளைப் பார்த்தாள். பிறகு பார்க்கமுடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். யசிந்தா அழுதாள். காலை எடுத்த அன்றும் அவள் இப்படி அழவில்லை என்று சிமியோன் பிறகு சொன்னான்.

"என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று பரமலிங்கம் கையைக் கூப்பினான். "இண்டைக்கே அந்த ரயரைக் கழட்டிப் போடுறன்."

"கழட்டுங்கோ. அதாலை என்ரை கால் முளைக்காது, அம்மாவும் எழும்பி வரமாட்டா" என்றாள் யசிந்தா. முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். "இல்லாத குறைக்கு எதையோ பூட்டி ஓடினீங்கள், விழுந்தம் எண்டால், நான் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கமாட்டன். எல்லாரும் இல்லாமல்தானே இருக்கிறம். ஆனால் உங்களுக்குத் தெரிஞ்சிருந்தது. தெரிஞ்சபடியால்தானே உங்கடை பிள்ளையை ஏத்தேல்லை? தன்ரை பிள்ளையை ஏத்தப் பயப்பிடுற வண்டியிலை ஊரான்ரை பிள்ளையை ஏத்தப்படாது அண்ணை. ஏத்தினால், வளைவுக்குப் போய்த்தான் விழுத்தவேணும் எண்டில்லை. ஏத்தேக்கையே விழுத்திப்போட்டியள்."