கரைத்த தோடு: நான்காவது வரைவு

1

இந்தக் கதை என்னுடையதல்ல. பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாரக்காள் என்ற அம்மாள் சொன்னது. பயணச்சீட்டின் பின்புறம் ‘தோடு, சிவப்பு, அண்ணன்’ என்று மூன்று சொல் குறித்துக்கொண்டேன். மற்றதெல்லாம் ஞாபகமும் கற்பனையும். எது எவ்வளவு என்று கேட்காதீர்கள்.

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: ‘தங்க அணுக்கள் சில கூடிக் கொத்தாக நிற்கும்போது, அவற்றின் பிணைப்பானது—’

படித்துக்காட்டினேன். என் மனைவி அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அடித்துவிட்டேன்.

இரண்டாவது: ‘1982ஆம் ஆண்டு ஆவணியில், ஆட்டையாம்பட்டியில் ஒரு ஜோடித் தோடு காணாமற்போனது.’ இது துப்பறியும் கதையாகிவிடும். இங்கே எடுத்தவர் யார் என்பதில் ரகசியமே இல்லை. மாரக்காளின் கணவர், கல்லூரியில் வேதியியல் விரிவுரையாளர், வெள்ளியங்கிரி.

2

வெள்ளியங்கிரிக்கு ஒரே ஒரு கேள்விதான். தங்க அணுக்கள் பத்துப் பதினைந்து மட்டும் சேர்ந்தால் எப்படி நிற்கும்? நடுவில் ஒன்று, சுற்றிப் பன்னிரண்டு, ஆகப் பதின்மூன்று என்பது அவர் கணிப்பு. அவ்வளவு சிறிய கொத்தில் தங்கம் மஞ்சளாக இருக்காது, மின்னாது, சிவப்பாக இருக்கும் என்று படித்திருந்தார். செய்து பார்க்கத் தங்கம் வேண்டும். கல்லூரியில் கேட்டார்; சிரித்தார்கள். வீட்டுப் பெட்டியில் திருகு தளர்ந்த தோடு சும்மா கிடந்தது.

(இங்கே எனக்கு அவர்மேல் சந்தேகம் வருகிறது. மனைவியிடம் கேட்காமலா எடுப்பார்? மூன்றாவது வரைவில் கேட்க வைத்தேன். மாரக்காள் ‘முடியாதுங்க’ என்றார். கதை நாலு வரியில் முடிந்துவிட்டது. ஆகவே, கேட்கவில்லை.)

3

சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு ராசிபுரம் கிளம்பும் அன்றுதான் மாரக்காள் பெட்டியைத் திறந்தார்.

“ஏனுங்க, பொட்டியில இருந்த தோடு எங்கீங்க?”

வெள்ளியங்கிரி ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்துவந்தார். அடியில் கல் உப்பைவிடச் சிறிய சிவப்புப் படிகங்கள்.

“இதுக்குள்ளதான் இருக்குது. ஒரு பொட்டுகூட வீணாகலை.”

மாரக்காள் அழவில்லை. [அழுததாக எழுதியிருந்தேன். ‘நான் எதுக்குங்க அழுவோணும்?’ என்று பேருந்தில் அவர் கேட்டது நினைவுக்கு வந்து நீக்கிவிட்டேன்.] வெறுங்காதோடு கல்யாணத்துக்குப் போனார். கேட்டவர்களிடம் உண்மையைச் சொன்னார்.

“அவரு கரைச்சுட்டாருங்க.”

தமிழில் இந்த ஒரு சொல் போதும். பந்தியில் உட்கார்ந்திருந்த அவர் அண்ணன், நெய் வியாபாரி செங்கோட்டையன், பாயசம் வருமுன்பே இலையை மூடினார்.

4

மறுநாள் காலை செங்கோட்டையன் தங்கையைக் கூட்டிக்கொண்டு ஆட்டையாம்பட்டிக்கு வந்து நின்றார்.

“எதுலைங்க மாப்ள கரைச்சீங்க?”

“ராஜதிராவகத்துலைங்க மச்சான்.”

“அது எந்தக் கடையில விக்கிது?”

“கடையில கெடைக்காதுங்க. நானே கலந்துக்குவேன்.”

“ஊட்டுலயா?”

“சேச்சே, காலேஜுலதானுங்க. பசங்ககூடப் பக்கத்துல நின்னு பார்ப்பாங்க.”

செங்கோட்டையன் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

(அடிக்குறிப்பாக வரவேண்டியது: ராஜதிராவகம் தங்கத்தையும் கரைக்கும் அமிலக் கலவை. முன்பே சொல்லியிருந்தால் நீங்கள் சிரித்திருக்க மாட்டீர்கள். இப்போதும் சொல்லாவிட்டால் அந்த மனிதரைக் குடிகாரர் என்றே நினைத்துக்கொள்வீர்கள்.)

5

பதின்மூன்று அணுக் கணக்கு வரை விளக்கிச் சொல்ல அரை மணி நேரமானது.

“சரிங்க, திருப்பி எடுக்க முடியுமா?” என்று கேட்டார் செங்கோட்டையன்.

“முடியுமுங்க. சுட்டா கொத்து ஒடைஞ்சுரும். மஞ்சத் தங்கம் வந்துரும்.”

“சுடுங்க.”

எட்டு மாத வேலை அது. உள்ளே அணுக்கள் எப்படி நிற்கின்றன என்று படம் எடுக்க மறுநாள் பெங்களூருக்கு அனுப்புவதாக இருந்தார். வெள்ளியங்கிரி சாராய விளக்கை எடுத்து வைத்தார். மூன்று தீக்குச்சி வீணானது. நாலாவதில் பற்றியது. மாரக்காள் குப்பியைத் தூக்கிப் பார்த்தார்.

“நடுவுல இருக்கறது நகராதுங்களா?”

“நகராது. சுத்தியிருக்கறது எல்லாமே அதைப் புடிச்சிருக்குது. ஒண்ணையொண்ணும் புடிச்சிருக்குது.”

“எட்டு மாசமா இதைத்தான் பண்ணுனீங்களா?”

“ஆமா.”

“எங்கிட்ட ஒரு நாளு சொல்லியிருக்கலாமல்ல?”

(இதற்கு வெள்ளியங்கிரியின் பதிலாக ஒரு பக்கம் எழுதிக் கிழித்தேன்.) மாரக்காள் விளக்கை மூடி போட்டு அணைத்தார்.

“அனுப்புங்க. இனி எதைக் கரைச்சாலும் சொல்லிட்டுக் கரைங்க.”

6

இங்கேயே முடித்திருந்தால் இது நல்ல கதை. ஆனால் மாரக்காள் நிறுத்தவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பெங்களூரிலிருந்து கடிதம் வந்தது. பதின்மூன்று இல்லை, பதினொன்று. நடுவில் ஒன்று, சுற்றிப் பத்து. தன் கணிப்பு பொய்த்ததில் வெள்ளியங்கிரிக்கு அப்படியொரு சந்தோஷம். கடிதத்தைத் தெருவில் போனவர்களுக்கெல்லாம் படித்துக்காட்டினார். நெய்த்தூக்கோடு வந்துகொண்டிருந்த செங்கோட்டையனும் கேட்டுவிட்டார். முப்பது வருடம் நெய் அளந்தவர்.

“கொத்துக்குப் பதிமூணுன்னீங்க. இப்பப் பதினொண்ணுங்கறாங்க. கொத்துக்கு ரெண்டு எங்கீங்க மாப்ள?”

அதற்குக் கணவர் சொன்ன பதிலை மாரக்காள் சொல்லத்தான் செய்தார். ஆனால் சிரித்துக்கொண்டே சொன்னதால் சிரிப்பு மட்டும்தான் எனக்குக் கேட்டது. நானாக எழுதிப் பார்த்தேன்.

‘ஒண்ணும் கொறையலைங்க, கொத்துதான் அதிகம்.’ உண்மை இதுதான். செங்கோட்டையன் நம்ப மாட்டார்.

‘பெங்களூர்க்காரங்க எடுத்துட்டாங்க.’ உடனே பெங்களூருக்குப் பஸ் ஏறிவிடுவார்.

‘எனக்கே தெரியலைங்க மச்சான்.’ மச்சானிடம் இதைச் சொல்லித் தப்பித்தவர்களை நான் பார்த்ததில்லை.

மூன்றையும் அடித்துவிட்டேன். பதிலை நீங்கள் எழுதுங்கள். கொஞ்சம் சீக்கிரம், செங்கோட்டையன் தூக்கைக் கீழே வைக்காமல் வாசலிலேயே நிற்கிறார்.