ஒன்பதிலிருந்து ஒன்றுவரை

வங்கதேசத்தில், பரிசால் நகரத்துப் பக்கம் எங்கள் ஊரில் வீட்டுக்கொரு குளம். பிள்ளைகள் அதில் விழுந்து சாவது பெரும்பாலும் காலை ஒன்பதுக்கும் மதியம் ஒன்றுக்கும் நடுவில்தான். ஆண்கள் வயலில் இருப்பார்கள், பெண்கள் அடுப்போடு மல்லுக்கட்டுவார்கள். அந்த நாலு மணி நேரம் பிள்ளைகளைப் பிடித்து வைத்துக்கொள்வது என் வேலை. என் வீட்டு முன்னறைதான் காப்பகம்; ஊருக்கே நான் ஆபா, அதாவது அக்கா. இருபத்திரண்டு பிள்ளைகள். மூன்று வருடமாக ஒரு பிள்ளையும் தண்ணீரில் போகவில்லை. இதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. கதவு திறந்திருக்க வேண்டும், நான் உள்ளே இருக்க வேண்டும்.

இந்தச் சின்ன விஷயம் எங்கள் மேற்பார்வையாளர் மஹ்பூப் சார் மண்டையில் ஏறவில்லை. செவ்வாய்க்கிழமை டாக்காவிலிருந்து விருந்தினர் வருகிறார்களாம். ‘இனி ஒரு குழந்தையும் நீரில் சாகக் கூடாது’ என்று பள்ளி மைதானத்தில் கூட்டமாம். காலை பத்து மணிக்குத் தாய்மார்கள் எல்லாரும் வர வேண்டுமாம்.

“மத்தியானம் வைங்க சார்,” என்றேன்.

“ரெண்டு மணி லாஞ்சுப் படகுல அவங்க திரும்பணும், மொர்ஜினா ஆபா. ஒருநாள் பூட்டினா குடியா முழுகிடும்?”

“முழுகுறது குடி இல்ல சார், புள்ளைங்க.”

“வாய்தான் உங்களுக்கு!” என்று சிரித்தார். வேலை போய்விடுமோ என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். செவ்வாய் காலையில் கதவைப் பூட்டினேன். என் கையால்தான் பூட்டினேன்.

மைதானத்துப் பந்தலில் முதல் வரிசையில் ஜொபேதா உட்கார்ந்திருந்தாள். மூன்று வயது மகன் துஹினைக் கொழுந்தன் காசெம் வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். முங்கிய பிள்ளைக்கு மூச்சுக் கொடுக்க நான் கற்றுக்கொடுத்த பெண்கள் அத்தனை பேரும் அந்தப் பந்தலுக்குள் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். பதினொன்றே காலுக்கு ஜொபேதாவின் போன் அடித்தது.

ஓடினோம். துஹினைக் கண்டெடுத்தது என் வீட்டுக் குளத்தில். கரையில் காசெம் பிள்ளையின் கால்களைப் பிடித்துத் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தான். குடித்த தண்ணீர் வெளியே வந்துவிடும் என்று இங்கே காலங்காலமாகச் செய்கிற மடத்தனம்.

“கீழ விடுடா பாவி! மூச்சு குடு, மூச்சு!”

“தண்ணி வரட்டும் ஆபா, கொஞ்சம் வரட்டும்...”

பிடுங்கி மண்ணில் கிடத்தினேன். நான் ஊதினேன், ஜொபேதா நெஞ்சை அழுத்தினாள். அவள் ஊதினாள், நான் அழுத்தினேன். அரை மணி நேரம் விடவில்லை. பிள்ளைக்கு உயிர் திரும்பவில்லை.

“நான் தப்பா செஞ்சிட்டேனா ஆபா?” என்று காசெம் திரும்பத் திரும்பக் கேட்டான். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? ஆண்களைக் கூப்பிட்டு நாங்கள் ஒரு வகுப்பும் எடுத்ததில்லை.

பிள்ளையைப் போர்த்த ஒரு துணி எடுக்கலாம் என்று வீட்டுக்குப் போனேன். பூட்டிய கதவின் முன்னால் சின்ன நீலச் செருப்பு இரண்டு, சுவரோரம் சேர்ந்தாற்போல் இருந்தன. உள்ளே வருமுன் அப்படிக் கழற்றி வைக்கத் தினமும் பழக்கியவள் நான். தினமும் வருகிற பழக்கத்தில் தானாகவே நடந்து வந்திருக்கிறான். செருப்பைக் கழற்றியிருக்கிறான். கதவைத் தட்டியும் இருப்பான். குளம் அங்கிருந்து பத்தடி.

அடக்கம் முடிந்த பிறகு மஹ்பூப் சார் சாவைப் பதிகிற படிவத்தோடு வந்தார். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“மனசு கேக்கல ஆபா. ஆனா இன்னிக்கு காப்பகம் லீவு. ‘வீட்டிலிருந்தபோது’ன்னு எழுதிட்டா நம்ம கணக்குல வராது. மூணு வருஷமா எடுத்த நல்ல பேரு.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செருப்பை எடுத்து வந்து அந்தப் படிவத்தின் மேல் வைத்தேன்.

“இவன் வீட்டுல இல்ல சார். காப்பகத்துக்கு வந்தான். காப்பக நேரத்துலதான் வந்தான். நீங்களும் நானும்தான் இல்ல.”

வருகைப் பதிவேட்டை விரித்தேன். செவ்வாய்க்கு நேரே இருபத்தொரு கட்டங்களைக் காலியாக விட்டேன். துஹின் பெயருக்கு நேரே ‘வந்தான்’ என்று எழுதினேன். கீழே மேற்பார்வையாளர் கையெழுத்துக்கான இடத்தைக் காட்டிப் பேனாவை நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. நானும் கையை இறக்கவில்லை.