மலை ஏரியின் பெரிய மீன்கள்

என் தங்கை ரிம்மா கர்ப்பமானதும் நான் போட்ட முதல் சட்டம், அவள் புருஷன் ஜாகர் பிடித்து வரும் மீனை அவள் தொடக்கூடாது என்பது. அவன் தூண்டில் போடுவது நிக்கல் உருக்காலையின் கழிவு வந்து விழும் விரிகுடாவில். மீனை அறுத்து அதில் உலோகம் எவ்வளவு என்று பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் பதினாறு வருஷமாகக் கத்தி பிடிப்பவள் நான். எனக்குத் தெரியாதா?

ஞாயிறுதோறும் பனிச்சறுக்குக் கட்டைகளை மாட்டிக்கொண்டு மலை ஏரிக்குப் போவேன். அங்கே ஆலையும் இல்லை, குழாயும் இல்லை. உறைந்த ஏரியில் துளை போட்டால் அடித்தரைக் கல் தெரியும். சிக்கும் மீன் ஒவ்வொன்றும் முழங்கை நீளம். அதைத்தான் ரிம்மாவுக்குக் கொண்டுவந்து கொடுப்பேன்.

"உன் சாக்கடை மீனை நீயே தின்னு," என்பேன் ஜாகரிடம்.

"ஆகட்டும் மகாராணி! உங்க மீனு சோப்பு போட்டுக் குளிச்சிட்டு வருதாக்கும்," என்பான்.

ஐந்து மாதம் இப்படிப் போனது. மார்ச்சில், விரிகுடா மீனோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சுத்தமான ஏரி மீன் வேண்டும் என்றார் எங்கள் ஆய்வுக்கூடத் தலைவி எமிலியா மார்க்கோவ்னா. பெருமையாக இரண்டு கொடுத்தேன். நாலாம் நாள் காகிதத்தோடு வந்தார்.

"கலீனா, அந்த ஏரியில சின்ன மீன் பாத்திருக்கியா?"

"இல்லைங்க. எல்லாமே பெருசுதான்."

"ஆலைப் புகை பனியில படிஞ்சு, உருகி, ஏரியே அமிலமாயிடுச்சு. அதான் தண்ணி அவ்வளவு தெளிவு. முட்டை பொரிக்கிறதே இல்ல. மிஞ்சினது கிழடுங்க. விரிகுடா மீனைவிட மூணு மடங்கு பாதரசம்."

ஒரு குஞ்சுகூட இல்லாத தண்ணீர். பதினாறு வருஷம் மீன் அறுத்த எனக்கு அது உறைக்கவில்லை. என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

நேரே ரிம்மா வீட்டுக்குப் போனேன். நான் கொடுத்த மீனை வைத்துச் சுட்ட ரொட்டியில் இரண்டாவது துண்டைத் தின்றுகொண்டிருந்தாள். மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் சொன்னேன். ஜாகர் கிண்டல் செய்வான் என்று காத்திருந்தேன். அவன் அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"பாதரசம் ஏறியிருக்கான்னு பார்க்க நாளைக்கே ஆஸ்பத்திரியில ரத்தம் குடுக்கறேன்," என்றாள் ரிம்மா. "ஆனா முடிவை டாக்டர் சொல்ல வேண்டாம்க்கா. நீ போய் வாங்கு. நல்லதோ கெட்டதோ, என் எதிர்ல நின்னு நீயே படிச்சுச் சொல்லு."

சரி என்றேன்.