பதினோரு வீடுகளில் மங்களேஸ்வரி

1958-ஆம் ஆண்டு ஆடி மாதம் முதல், தென்காசியில் 'தூவானம்' என்ற கையெழுத்துப் பத்திரிகை எந்த வீட்டில் இருந்ததோ அந்த வீட்டு வாசற்படியில், முந்திய ஆடியில் இறந்துபோன மங்களேஸ்வரி ஈரத் தலையோடு நின்றாள். பத்திரிகைக்கு ஒரே ஒரு பிரதிதான். தபால் ஆபீஸ் ஆவுடைநாயகம் எல்லாருடைய எழுத்தையும் வாங்கித் தன் கையெழுத்தில் படியெடுத்து, தைத்து, அட்டை போட்டுச் சுற்றுக்கு விடுவார். பதினோரு வீடுகள், வீட்டுக்கு மூன்று நாள். ஒரு கதைக்கு எட்டுப் பக்கம். கடைசித் தாள்கள் வாசகர்கள் அபிப்பிராயம் எழுத வெறுமையாக விடப்பட்டிருக்கும். எழுதியவர் வீட்டுக்குப் பத்திரிகை எல்லாருக்கும் பிறகுதான் போகும். முதலில் போனால் எழுதியவர்கள் மனது கேட்காமல் அடித்துத் திருத்திவிடுகிறார்கள் என்பதைக் கண்டு ஏற்படுத்திய விதி அது.

அந்த ஆடி இதழில் மங்களேஸ்வரியைப் பற்றி ஒரு கதை வந்திருந்தது. அதை எழுதியவன் அவள் கணவன் நம்பிராஜன். வயது இருபத்தெட்டு, பி.ஏ. படித்தவன், உயர்நிலைப் பள்ளியில் சரித்திர ஆசிரியர். கதையில் அவன் யார் பெயரையும் மாற்றவில்லை. மங்களேஸ்வரி பக்கத்து வீட்டுப் பெண்களோடு குற்றாலத்துக்குப் போய்ப் பேரருவியில் குளித்துவிட்டு, சாரலில் நனைந்தபடி பஸ் ஏறி வீடு திரும்புகிறாள். தரை ஈரமாகிவிடும் என்று வாசலிலேயே நின்று, "ஒரு துண்டு எடுத்துத் தாங்களேன்" என்கிறாள். கணவன் உடனே எழுந்து துண்டு கொண்டுவந்து தலை துவட்டிவிடுகிறான். இந்தக் கடைசிப் பத்தி ஒன்பதாம் பக்கத்துக்குப் போயிற்று. ஆவுடைநாயகம் விதிப்படி அதை விட்டுவிட்டார். அவர் எழுதியதில் மங்களேஸ்வரி துண்டு கேட்கிறாள், கதை முடிந்துவிடுகிறது.

முதல் வீடு ஜவுளிக்கடை வல்லிநாயகம் அண்ணாச்சியுடையது. அவர் கதையை முடித்துவிட்டு நிமிர்ந்தபோது அவள் வாசலில் நின்றாள். அவர் உள்ளே போய்ப் புதுத் துண்டு ஒன்றை எடுத்துவந்து கொடுத்தார். அவள் வாங்கித் துவட்டினாள். தலை காயவில்லை. மூன்றாம் நாள் பத்திரிகை அடுத்த வீட்டுக்குப் போனபோது அவளும் போனாள். எல்லா வீடுகளிலும் துண்டு கொடுத்தார்கள். நாளொன்றுக்கு இரண்டு குடம் தண்ணீர் அவள் கூந்தலிலிருந்து வடிந்தது. அதில் மலைப் பச்சிலை வாசம் இருந்ததால் யாரும் அதைச் சாக்கடையில் விடவில்லை. அந்த இதழ் மட்டும் ஒரு சுற்றோடு நிற்காமல் மறுபடி மறுபடி வீடுகளைச் சுற்றியது. அடுத்த கோடையில் வல்லிநாயகம் வீட்டுக் கிணறு வற்றியபோது அவர் பத்திரிகையை ஆறு நாள் கூடுதலாக வைத்துக்கொண்டார். அதனால் கொஞ்சம் மனஸ்தாபம் உண்டாயிற்று.

முதல் சுற்றின் கடைசியில் பத்திரிகை நம்பிராஜன் வீட்டுக்கு வந்தது. அவன் பள்ளிக்கு மூன்று நாள் லீவு போட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கதையை ஏழு தடவை வாசித்தான். படியில் தண்ணீர் தேங்கியது. அவளைக் காணவில்லை. வாசித்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள், எழுதியவனால் மட்டும் பார்க்க முடியவில்லை. ஆவுடைநாயகம் இதில் அதிசயம் இல்லை என்றார். சமைத்தவளுக்கு எப்படிப் பசி இருக்காதோ அப்படித்தான் இது என்று விளக்கினார். நம்பிராஜன் வீடு வீடாகப் போய் அவள் எப்படி இருந்தாள் என்று விசாரித்தான். ஒரு வீட்டில் சிவப்பு என்றார்கள், ஒரு வீட்டில் கறுப்பு. ஒருவர் நெட்டை என்றார். ஒரு ஆச்சி, செத்துப்போன தன் நாத்தனார் ஜாடை அப்படியே இருக்கிறது என்று சொல்லி அழுதாள். மங்களேஸ்வரியின் மோவாய்க்கு அடியில் அரிவாள்மணை பட்ட தழும்பு ஒன்று உண்டு. அதை யாரும் சொல்லவில்லை. அவன் அதைக் கதையில் எழுதவில்லை. இனிமேல் எழுதவும் வேண்டாம் என்று முடிவு செய்துகொண்டான்.

ஊருக்கு வேறு கவலை இருந்தது. ஒரு பெண்பிள்ளை வருஷக்கணக்கில் ஈரத்தோடு நிற்பது நல்லதல்ல. அபிப்பிராயத் தாள்களில் இதையே எழுதினார்கள். கடைசியில் வல்லிநாயகம் ஆவுடைநாயகத்தை நேரில் கேட்டார்.

"ஏலே ஆவுடை, அந்தக் கடைசிப் பத்தியை ஏம்லே விட்டே?"

"எட்டுப் பக்கம்னா எட்டுப் பக்கம் அண்ணாச்சி. அதுவுமில்லாம, தொவட்டிட்டா அது வீட்டு வேலை. ஈரத்தோட நின்னாத்தான் கலை."

"ஒங் கலைக்கு நீமோனியா வராதோ? ஒரு நாளு நீ நின்னு பாரு, அந்த வாசல்ல."

ஆவுடைநாயகம் இறங்கிவந்தார். விட்டுப்போன பத்தியை நம்பிராஜனின் மூலப் பிரதியிலிருந்து ஒரு சீட்டில் எழுதிக் கடைசிப் பக்கத்தில் பசை போட்டு ஒட்டினார். பதினோரு வீட்டிலும் வாசித்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. வாக்கியங்களில் குற்றம் இல்லை. கணவன் எழுந்தான், துண்டு எடுத்தான், துவட்டினான். ஆனால் வாசித்தவர்களில் ஒருவர்கூட அதை நம்பவில்லை. கதை முழுக்கக் கற்பனை என்றுதான் அவர்கள் நினைத்திருந்தார்கள். செத்தவள் பஸ்ஸில் வந்தாள் என்பதை நம்பியவர்கள், அவன் எழுந்தான் என்பதை மட்டும் நம்ப மறுத்தார்கள். ஏன் என்று அவர்களுக்கே சொல்லத் தெரியவில்லை. நம்பிராஜனுக்குத் தெரியும். சீட்டு ஒரு வாரத்தில் தானாக உரிந்து விழுந்தது.

1960-இல் பத்திரிகை பீடி சுற்றும் பேராச்சி வீட்டில் இருந்தது. அவள் நம்பிராஜனுக்கு அடுத்த வீடு. பேராச்சிக்கு எழுத்து தெரியாது. நாலைந்து பெண்கள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்ற, வாசிக்கத் தெரிந்த ஒருத்தி சத்தம் போட்டு வாசிப்பாள். வாசிக்கிறவள் அன்றைக்குச் சுற்றவேண்டிய பீடியை மற்றவர்கள் பங்கிட்டுச் சுற்றிக் கொடுத்துவிடுவார்கள். மங்களேஸ்வரி அவர்களோடு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். துண்டு கேட்பதைத் தவிர அதுவரை எந்த வீட்டிலும் அவள் வேறு பேச்சுப் பேசியதில்லை. அன்று மத்தியானம் பேராச்சி நம்பிராஜன் வீட்டுக்கு வந்தாள்.

"வாத்தியாரய்யா, அவ ஒங்கட்ட ஒண்ணு கேக்கச் சொல்லுதா. எனக்கு அர்த்தம் வெளங்கல."

அவன் கேட்கச் சொன்னான்.

"நீங்க அந்தப் பக்கத்தை முடிச்சாச்சான்னு கேக்குதா."

பேராச்சி போகாமல் நின்றாள். பிறகு அவன் யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னான். 1957 ஆடியில் மங்களேஸ்வரி அந்த வாசலில் நின்று துண்டு கேட்டபோது அவன் ஒரு நாவல் வாசித்துக்கொண்டிருந்தான். நாவலில் ஒருவன் மனைவியைப் பிரியும் இடம். "இந்தப் பக்கம் முடியட்டும்" என்று சொன்னான். ஒரு பக்கம் முடிந்து அடுத்ததும் முடிந்தது. பதினொரு பக்கம் வாசித்தான். கண்ணில் நீர் வந்தது, அதைத் துடைத்துக்கொண்டு வாசித்தான். அவள் வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள், மறுபடி கேட்கவில்லை. சாயங்காலம் காய்ச்சல் வந்தது, எட்டாம் நாள் போய்விட்டாள். டாக்டர் அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்றார். அந்த நாவலை அவன் முடிக்காமலே நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

பேராச்சி ஆறுதல் சொல்லவில்லை. "பொறவு அந்தக் கதையில என்னாச்சு?" என்றாள்.

"தெரியாது."

"அவளுக்கும் தெரியாதுல்லா. கூப்பிட்டும் எந்திரிக்காம அப்படி என்னத்தை வாசிச்சாருன்னு, அவளுக்கு இருக்காதா?"

பத்திரிகை அன்றே நம்பிராஜன் வீட்டுக்கு வந்தது. மற்றப் பத்து வீடுகளும் தங்கள் முறையை விட்டுக்கொடுத்தன. வல்லிநாயகம் துண்டுகளை மட்டும் துவைத்து அனுப்பினார். நம்பிராஜன் நூலகத்தில் அதே பிரதியை எடுத்துவந்து, வாசலுக்கு எதிரே உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து சத்தமாக வாசித்தான். பள்ளி விட்டு வந்ததும் தினம் ஒரு மணி நேரம். பேராச்சி முறத்தோடு வந்து ஓரமாக உட்கார்ந்து, மங்களேஸ்வரி என்ன செய்கிறாள் என்று சொன்னாள். முதல் நாள் நின்றாள். நாலாம் நாள் படியில் உட்கார்ந்தாள். நாவலில் கணவன் பிரியும் இடம் வந்தபோது, அந்தப் பதினொரு பக்கத்துக்கும் அவள் முகம் எப்படி இருந்தது என்று நம்பிராஜன் கேட்டான். கொட்டாவி விட்டாள் என்றாள் பேராச்சி. இன்னொரு இடத்தில், கதாநாயகன் மாமனாரிடம் பொய் சொல்லி மாட்டிக்கொள்ளும்போது, "நிறுத்துங்க வாத்தியாரய்யா, சிரிக்கா" என்றாள். அவன் அவள் சிரித்து முடிக்கும் வரை நிறுத்தினான். அதன் பிறகு நிறுத்துவதற்கும் தொடர்வதற்கும் பேராச்சிதான் சைகை காட்டினாள்.

1962-இல் பேராச்சி மகளோடு கீழப்பாவூருக்குக் குடிபோனாள். ஊரில் அவனுக்கு மறுமணப் பேச்சு இரண்டு தடவை எழுந்து அடங்கிற்று. ஆவுடைநாயகம் திருநெல்வேலிக்கு மாற்றலாகிப் போனதும் 'தூவானம்' நின்றது. அந்த ஒரு இதழ் மட்டும் நம்பிராஜன் வீட்டில் இருந்தது. வாசலில் ஈரம் இருந்தது, தபால்காரர் அதைத் தாண்டிக் கால் வைக்கப் பழகியிருந்தார். 1968-க்குள் நூலகத்தில் இருந்த நாவல்கள் எல்லாம் தீர்ந்து, அவன் மறுபடி முதல் அலமாரியிலிருந்து தொடங்கினான். அவள் எங்கே சிரிக்கிறாள் என்று சொல்ல ஆள் இல்லை. அதனால் ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் கொஞ்சம் நிறுத்தி வாசித்தான்.